கோதை சுற்றிப் போன வீடு

நாடு முழுவதையும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று ராஜா உத்தரவு போட்ட வருஷம், எத்தனை ஊர், ஊருக்கு எத்தனை வேலி நிலம், எத்தனை குளம், எத்தனை கிணறு, எத்தனை மாடு, எத்தனை மனை என்று ஒன்று விடாமல் ஓலையில் ஏறியாக வேண்டும் என்று அளவுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அரண்மனை ஆட்கள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த வருஷம், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவர்கள் கீழ்வாகைக்கு வந்து சேர்ந்தபோது, கொற்றிக்கு இடுப்பு வலி கண்டு ஒரு நாழிகை ஆகியிருந்தது.

அவள் வீடு ஊருக்குக் கிழக்கே கடைசி வீடு. அவளும் அவள் புருஷன் மாறனும் கல்யாணமான புதிதில் தங்கள் கையாலேயே மண் குழைத்து, சுவர் வைத்து, பனையோலை வேய்ந்து, கிணறும் வெட்டிக் குடியேறிய வீடு. அதற்கப்பால் ஒரு பழைய வண்டித்தடம், தடத்தைத் தாண்டினால் உவர்மண் காடு, காட்டைத் தாண்டினால் கடல். மாறன் ராஜாவின் படைக்கு அரிசி மூட்டை சுமக்க வடக்கே போயிருந்தான், தை பிறந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு. அதனால் பின்னறையில் கொற்றியும் மருத்துவச்சியும் மட்டும் இருந்தார்கள். மற்றபடி ஊர் மொத்தமும் யானைக்குப் பின்னால் போயிருந்தது.

யானை வேடிக்கைக்கு வந்ததில்லை. வயலைக் கோல் வைத்து அளந்துவிடலாம், ஆனால் ஊரின் எல்லையை மனுஷன் கையில் விட முடியாது, மனுஷனுக்குப் பங்காளி உண்டு, பகையாளி உண்டு, மச்சான் உண்டு. அதனால் ஒரு பிடியை, பெண் யானையை, கோயில் வாசலில் சங்கிலி கழற்றி விட்டுவிடுவது வழக்கம். அது தன் இஷ்டத்துக்கு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வரும். பாகன் அங்குசத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அதன் பின்னால்தான் நடக்க வேண்டும், ஓலைக்காரர்கள் அவன் பின்னால், ஊரார் அவர்கள் பின்னால். அது சுற்றி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, கை காட்டக் கூடாது, கரும்பு நீட்டக் கூடாது. அது கால் வைத்த வழியெல்லாம் கல்லும் கள்ளியும் நட்டுவிட்டால், அதுதான் ஊர்.

கீழ்வாகைக்கு வந்த பிடியின் பெயர் கோதை. நாற்பது வயது, ஆறு கன்று ஈன்றவள். தெற்கே குளக்கரையைச் சுற்றிக்கொண்டு, சுடுகாட்டை உள்ளே விட்டு, கிழக்கே வந்து, எல்லோரும் நினைத்தபடியே பழைய வண்டித்தடத்தில் ஏறியவள், கொற்றியின் வீட்டுப் பின்னறைக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டாள். உள்ளே கொற்றி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். கோதை இரண்டு காதையும் விரித்துக் கேட்டாள். பெண்பிள்ளை பிரசவிக்கிற அறையை உரசிக்கொண்டு இத்தனை பெரிய உடம்போடு போவது மரியாதை இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வந்த வழியே நாலடி பின்வாங்கி, தடத்தை விட்டு இறங்கி, வீட்டுக்கு முன்பக்கமாக, முற்றத்துக்கும் அந்தப் பக்கமாக, சத்தமில்லாமல் காலெடுத்து வைத்து ஒதுங்கிப் போய்விட்டாள். அவள் முற்றத்தைக் கடந்த நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண்.

அரண்மனை ஓலைகளுக்கெல்லாம் தலைவரான ஓலைநாயகம், மெலிந்த மனுஷர், நடந்துகொண்டே எழுதுகிறவர், ஓலையில் எழுதினார்: கீழ்பாற்கெல்லை, மாறன் மனைக்கு மேற்கு. அவ்வளவுதான். கொற்றியின் வீடும் முற்றமும் கிணறும் ஊருக்கு வெளியே போயின.

"பிறகு கல்லில் வெட்டுவோம்," என்று சாயங்காலம் கிளம்பும்போது அவர் ஊர்த்தலைவர் அரையர் கண்டனிடம் சொன்னார். "கார்த்திகை கடைசியில் தச்சனோடு வருகிறேன். அன்றைக்கு இவள் இன்னொரு தடவை சுற்றுவாள். அந்தச் சுற்றுத்தான் கல்லில் ஏறும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிற்கும்."

பத்து நாள் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றபோதுதான் கொற்றி, தன் முற்றத்துக்கு எதிரே நட்டிருந்த கல்லையும் கள்ளியையும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். பால் குடிக்கிற பிள்ளை, துவைக்கிற துணி, பெருக்குகிற வாசல், இத்தனை இருக்கும்போது ஒரு கல்லைப் பற்றி யார் யோசிப்பது.

ஐப்பசியில் மழை பிடித்தது. கீழ்வாகை முழுக்கப் பெய்தது, குளத்தில் பெய்தது, சுடுகாட்டில் பெய்தது, கோயில் மதிலில் பெய்தது, எல்லைக் கல்லின் இந்தப் பாதி நனைந்து கறுக்கும்வரை பெய்தது. கல்லின் அந்தப் பாதி வெளுத்துக் காய்ந்து கிடந்தது. கொற்றியின் முற்றத்தில் ஒரு சொட்டு விழவில்லை. உவர்க்காட்டிலும் விழவில்லை, ஆனால் அங்கே பெய்யாததைக் கேட்க ஆளில்லை.

முதல் நாள் பிள்ளைகள் வந்து ஒரு கையை மழையிலும் ஒரு கையை வெயிலிலும் நீட்டி நின்றார்கள். இரண்டாம் நாள் அர்ச்சகர் வந்து பார்த்து, ஓலையில் எழுதாத இடத்துக்கு மேகம் எதற்கு வரும் என்று சொல்லிவிட்டுக் குடையை மடக்காமல் போனார். மூன்றாம் நாள் ஊர் அதை ஒப்புக்கொண்டது. பக்கத்து ஊரில் ரெட்டைத்தலைக் கன்று பிறந்ததற்கு அவர்கள் பேசிய பேச்சில் பாதிகூட இதற்குப் பேசவில்லை, ஏனென்றால் நாலாம் நாள் குயவர் வீட்டுத் தில்லையழகி அந்த முற்றத்தால் என்ன பிரயோஜனம் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

தில்லை கொற்றியைவிட நாலு வயது மூத்தவள், பிள்ளைப்பேற்றில் பத்து நாள் இளையவள்; அவளுக்குக் கூத்தன் என்று ஒரு பையன். மழைக்காலத்தில் பச்சைப் பானை காயாமல் சூளை மூடிக் கிடக்கிற வீடு. அவள் கொற்றியோடு பேசிக்கொண்டே, அப்போதுதான் வனைந்த ஈரப் பானை ஒன்றைக் கையில் வைத்தபடி எல்லையைத் தாண்டினாள். தாண்டிய அடியிலேயே பானை விரிசல் இல்லாமல் காய்ந்து, தட்டினால் டணக்கென்றது.

"கொற்றி," என்றாள் தில்லை மெதுவாக, "உன் முற்றத்தை எனக்குக் கொடுடி."

கீழ்வாகையின் தண்ணீர் அந்த எல்லையைத் தாண்டவில்லை. அதுதான் விஷயம். மழையாகவும் தாண்டவில்லை, ஈரமாகவும் தாண்டவில்லை. புழுக்கிய நெல்லைக் கூடையோடு தூக்கிவந்தால் கல்லைத் தாண்டியதும் கலகலவென்று உதிர்ந்தது. பிழிந்த புடவை விறைத்து நின்றது. செக்கான் எள்ளைக் கொண்டுவந்தான், பிணத்துக்கு அடுக்க விறகைக் கொண்டுவந்தார்கள், அரையர் வீட்டிலிருந்து அடுத்த போகத்து விதைநெல் பதினெட்டுக் கோட்டை வந்தது. மாப்பிள்ளை பிடிக்காமல் அழுதுகொண்டு ஓடிவந்த ஒரு பெண்ணின் கன்னம்கூட எல்லையைத் தாண்டியதும் காய்ந்துபோனது, பிறகு எதற்கு அழுதோம் என்று அவளே யோசித்துக்கொண்டு நின்றாள். அந்த ஐப்பசியில் சுற்றுவட்டாரத்திலேயே பூஞ்சை பிடிக்காத நெல் கீழ்வாகையில்தான் இருந்தது, மழைநாளில் சூளை எரிந்த ஊரும் அது ஒன்றுதான். இப்படி ஒரு களம் ராஜாவுக்கே இல்லை என்று அரையர் கண்டன் வெற்றிலை மென்றுகொண்டு சொன்னார்.

கொற்றி முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தாள். நாள் முழுக்க ஆள் நடமாட்டம், பிள்ளையைத் தூக்க ஆயிரம் கை. ஆனால் வீட்டுக்காரிக்கு வீட்டின் கணக்கு வேறு. ஒரு குடம் தண்ணீர் ஊரிலிருந்து தூக்கிவந்தால் கல்லைத் தாண்டியதும் குடம் லேசாகிவிடும், எட்டிப் பார்த்தால் அடியில் தூசி இருக்கும். கஞ்சி கொண்டுவந்தால் வெறும் சோற்றுப் பருக்கை கையோடு வரும். உடம்புக்குள் இருந்ததை மட்டும் அந்த எல்லை தொடவில்லை. அதனால் அவள் காலையும் மாலையும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்குள் போய், தில்லை வீட்டுக் கொல்லையில் சமைத்துச் சாப்பிட்டு, இரண்டு சொம்புத் தண்ணீரை நின்ற நிலையில் குடித்துவிட்டு, வயிற்றில் சுமந்துகொண்டு திரும்பி வந்தாள். அது பாலாக மாறி பிள்ளைக்குப் போனது. பசுவைத் தில்லை வீட்டுத் தொழுவத்தில் கட்டினாள். கிணறு கலங்கி, வாரத்துக்கு ஒரு முழம் இறங்கியது. இருந்த ஒரே தென்னை குரும்பையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்றது. ஓலைக்கூரை சுருங்கி, நடுவே வானம் தெரிந்தது. சுவரில் கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. மாறன் கைரேகை பதிந்திருந்த இடம், நிலைவாசலுக்கு வலதுபக்கம், ஒருநாள் காலையில் பெருக்கும்போது துடைப்பத்தோடு வந்துவிட்டது.

பிள்ளைக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை. ஊர்ப்பெயரை முன்னால் சொல்லித்தான் பிள்ளையின் பெயரைக் காதில் ஓத வேண்டும். எந்த ஊரைச் சொல்வது என்று அர்ச்சகர் கேட்டார்.

கார்த்திகை பிறந்ததும் கொற்றி கோயில் மண்டபத்துக்குப் போய்ச் சபையில் நின்றாள்.

"ஐயா, கோதை மறுபடியும் வரும்போது என் வீடு உள்ளே வந்துடணும். அன்னிக்கு எனக்கு வலி, கத்தினேன், அது ஒதுங்கிப் போச்சு. இந்தத் தடவை வீடு சத்தமில்லாம இருந்தா அது பழைய தடத்துலயே போயிடும். அதுவரைக்கும் நெல்லு, பானை, விறகு எல்லாத்தையும் என் முற்றத்துல இருந்து எடுத்துடுங்க. கூட்டமும் சத்தமும் இருந்தா அது பயந்து விலகிடும்."

அரையர் கண்டன் கெட்டவர் இல்லை. கொற்றியின் கல்யாணத்துக்கு ஒரு கோட்டை அரிசி கொடுத்தவர். அவர் கனிவாகத்தான் பேசினார்.

"உனக்கு என்ன குறை வச்சோம் சொல்லு. தினம் தில்லை வீட்டுல அடுப்பு உனக்கு. வேணும்னா இங்கேயே ஒரு மனை தர்றோம், வந்துடு. அந்தக் களம் மட்டும் அப்படியே இருக்கட்டும்."

"அது களம் இல்லீங்க. என் வீடு."

"இருக்கட்டும்மா. வீடுதான்."

"அவர் தை மாசம் வருவாரு. வந்து எந்த வாசல்ல நிப்பாரு?"

கொற்றி தில்லையைப் பார்த்தாள். தில்லை தூணில் சாய்ந்து கூத்தனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், தலையைக் குனிந்தபடியே சொன்னாள்:

"அவ முற்றம் இல்லாட்டி மழை மாசத்துல என் சூளை எரியாது. நான் என்ன சொல்ல?"

அன்றிலிருந்து கொற்றி தில்லை வீட்டில் சமைப்பதை விட்டுவிட்டாள். கோயில் கிணற்றடியில் மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கித் தின்றாள். பானைகள் மட்டும் முற்றத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தன; தில்லை கொண்டுவந்து வைப்பாள், கொற்றி வேறு பக்கம் பார்ப்பாள், தில்லை எடுத்துப் போவாள்.

கார்த்திகை கடைசியில் ஓலைநாயகமும் கல்தச்சனும் கோதையும் வந்து சேர்ந்தார்கள் என்று தெரிந்தது. மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் கிளம்பிய கொற்றியை எல்லைக் கல்லருகே அரையர் நிறுத்தினார். தாழங்குடைக்குக் கீழே நின்றிருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"உள்ளே வராதே கொற்றி. விடியலிலேயே காப்புக் கட்டியாச்சு."

காப்புக் கட்டிவிட்டால் எல்லைக்குள் இருப்பவர் வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக் கூடாது. கோதை சுற்றி முடித்த பிறகுதான் கயிறு அவிழும். கொற்றிக்கு அது தெரியும்.

"இன்னிக்கு ஒரு நாள்தானே ஐயா."

"கல்லுல ஏறுற காரியம். மூணு நாள் கட்டுறதுதான் முறைன்னு சபையில பேசினோம்."

"போன தடவை ஒரு நாள்தானே கட்டினீங்க?"

"போன தடவை ஓலை."

"மூணு நாள் நான் தண்ணிக்கு எங்க போவேன்?"

"உன் கிணறு இருக்கே."

கொற்றியின் கிணற்றை அவர் பல தடவை எட்டிப் பார்த்திருக்கிறார். அவர் பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, குடைக்குள்ளிருந்தே விரலைச் சொடுக்கினார்.

"நல்லா இருக்காளா? தொண்டை நல்லா கணீர்னு இருக்கா?"

அவர் போன பிறகும் கொற்றி அங்கேயே நின்றிருந்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிள்ளை முகத்தைத் திருப்பி மார்பைத் தேடியபோது புரிந்தது. மூன்று நாள் தண்ணீர் இல்லையென்றால் பால் இருக்காது. பால் இல்லையென்றால் பிள்ளை அழும். பிள்ளை அழுதால் கோதை ஒதுங்கிப் போவாள். யாரும் பிள்ளையைக் கிள்ள வேண்டாம், யாரும் கொற்றியிடம் ஒரு கடுஞ்சொல் சொல்ல வேண்டாம். ஒரு மஞ்சள் கயிறு போதும். கோதை இன்னொரு தடவை முற்றத்துக்கு முன்னால் போய்விட்டால் தச்சன் உளியை எடுத்துவிடுவான், பிறகு சந்திரனும் சூரியனும் உள்ளவரை இந்தக் கூரையில் மழை விழாது, சுவர் நிற்காது, தை பிறப்பதற்குள் அவள் பிள்ளையோடு வெளியேறியாக வேண்டும்.

அவள் உள்ளே போய் வாளியை எடுத்தாள். அழுவதற்கு நேரமில்லை, அழுது தண்ணீரைச் செலவழிக்கிற நிலையிலும் இல்லை.

முதல் நாள் கிணறு அரைக்குடம் சேறு கொடுத்தது. பழம்புடவையை நாலாக மடித்து வடிகட்டி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பிள்ளை வயிறாரக் குடித்தது. இரண்டாம் நாள் ஒரு கொட்டாங்கச்சி அளவு வந்தது. பாதியைக் காலையிலும் பாதியை மத்தியானத்திலும் குடித்தாள். பிள்ளை குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்பதுபோல் அண்ணாந்து பார்த்தது. பத்தடி தூரத்தில், கல்லுக்கு அந்தப் பக்கம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. தவளை கத்தியது. கால்வாய் நிறைந்து ஓடுகிற சத்தம் கேட்டது. கொற்றி கதவைச் சாத்திக்கொண்டாள், காதுக்கும் தாகம் எடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

சாயங்காலம் கதவைத் திறந்தபோது தில்லை எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், கூத்தனை முந்தானையில் மூடிக்கொண்டு, மழையில் நின்றிருந்தாள். கொற்றியின் உதடு வெடித்திருந்ததைப் பார்த்தாள். முற்றத்தில் அடுக்கியிருந்த தன் அறுபது பச்சைப் பானைகளையும், அதற்குப் பக்கத்தில் அரையரின் விதைநெல் குவியலையும் பார்த்தாள். காப்புக் கட்டுவதற்கு முந்தைய நாள் வைத்தவை, இனிக் காப்பு அவிழ்ந்துதான் எடுக்க முடியும். கூத்தனை முந்தானையால் இன்னும் இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் போனாள்.

மூன்றாம் நாள் விடிந்தபோது கிணற்றில் வாளி டொக்கென்று மண்ணில் உட்கார்ந்தது. கொற்றி ஈர மண்ணை அள்ளித் துணியில் முடிந்து முறுக்கினாள், மூன்று சொட்டு விழுந்தது, நாக்கில் விட்டுக்கொண்டாள். பிள்ளை வலது மார்பைச் சப்பிவிட்டு விட்டது, இடதைச் சப்பிவிட்டு விட்டது. முகம் சிவந்தது. கொற்றி அதைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னறைக்கும் முன்வாசலுக்குமாக நடந்தாள், தாலாட்டினால் சத்தம் கேட்குமென்று உதட்டை மட்டும் அசைத்தாள். கோயில் பக்கம் சங்கு ஊதியது. கோதையின் சங்கிலியைக் கழற்றுகிறார்கள். கோயிலிலிருந்து குளக்கரை, சுடுகாடு, அப்புறம் இங்கே. மிஞ்சினால் ஒரு நாழிகை. ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டு அந்த யானையின் பின்னால் வருகிறது, அத்தனை அமைதியில் ஒரு சிணுங்கல்கூடக் கடல்வரை கேட்கும்.

பிள்ளை முதல் சிணுங்கலைச் சிணுங்கியது. கொற்றி தன் சுண்டுவிரலை அதன் வாயில் கொடுத்தாள். ஏமாந்தது. பிறகு ஏமாறவில்லை.

அப்போது முன்கதவு திறந்தது. தில்லை உள்ளே வந்தாள். தலையிலிருந்து கால்வரை நனைந்து ஓடிவந்தவள், ஆனால் எல்லையைத் தாண்டிய அடியிலேயே புடவை காய்ந்து, கூந்தல் காய்ந்து, வெயிலில் உலர்த்திய துணிபோல மொடமொடவென்று நின்றாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது.

"காப்புக் கட்டியிருக்கே," என்றாள் கொற்றி. குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

"கட்டியிருக்கு. கையிலதானே, கால்ல இல்லையே. எல்லாரும் யானை வாலைப் பார்த்துக்கிட்டுப் போறாங்க, என்னை எவன் பார்த்தான்." தில்லை உட்கார்ந்தாள். "கொடு அவளை."

"தண்ணி ஏதும்..."

"எதுல கொண்டு வர்றது, பானையிலயா? இதுலதான்." அவள் முந்தானையை ஒதுக்கினாள். "காலையில இருந்து கூத்தனுக்கு ஒரு பக்கம்தான் கொடுத்தேன். கட்டிக்கிட்டு உயிர் போகுது. உன் பிள்ளைக்காக வந்தேன்னு நினைச்சுக்காத."

"நினைக்கல."

"ஒரு அண்டா தண்ணி குடிச்சிருக்கேன். நடந்தா வயித்துக்குள்ள சளக்கு சளக்குங்குது."

பிள்ளை வாயை அகலத் திறந்து முதல் அழுகைக்கு மூச்சிழுத்த நேரத்தில் தில்லை அதன் வாயை நிறைத்துவிட்டாள். இழுத்த மூச்சு மூக்கு வழியாக வெளியே வந்தது. பிறகு களக், களக் என்று விழுங்குகிற சத்தம் மட்டும். கொற்றி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். தில்லை ஒரு கையால் அவள் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள், பானையின் வயிற்றைத் தட்டுகிற அதே கை.

மணிச்சத்தம் கேட்டது. கோதையின் கழுத்துமணி, ஓரடிக்கு ஒரு தடவை. வண்டித்தடத்தில் ஏறியது. நெருங்கியது. பின்னறைச் சுவருக்கு நேராக வந்து, நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. காதை விரிக்கிற சத்தமும் கேட்டது, பெரிய முறத்தை ஒருமுறை வீசியதுபோல. சுவரிலிருந்து மண் பொலபொலவென்று கொற்றியின் தலையில் கொட்டியது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை மார்பை விட்டது. தில்லையின் முகத்தைப் பார்த்தது. இது தன் அம்மா இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. கீழுதடு பிதுங்கியது. தில்லை அசையவில்லை, கொற்றி அசையவில்லை. பிறகு கொற்றி மெல்ல நகர்ந்து, தில்லையின் தோளோடு தன் முகத்தை ஒட்டி வைத்தாள், பிள்ளை நிமிர்ந்து பார்த்தால் அம்மா முகம் தெரிகிற மாதிரி. பிள்ளை அந்த முகத்தைப் பார்த்தது, இந்த மார்பைப் பார்த்தது, இரண்டும் சேர்ந்தே ஓர் ஆள்தான் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு மறுபடி வாயை வைத்தது. களக், களக்.

கோதை அதைக் கேட்டிருக்க வேண்டும். ஆறு பெற்றவளுக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். மணி அசைந்தது. அவள் விலா பின்கூரையின் ஓலையை உரசியது, சருகு சருகாக உதிர்ந்தது, ஓர் அடி, இன்னோர் அடி, வண்டித்தடத்திலேயே, நேராக வடக்கே போனாள்.

அவள் பின்னால் பாகன் போனான். ஓலைநாயகம் எழுதிக்கொண்டே போனார். தச்சன் போனான். அதற்குப் பின்னால் அரையர் கண்டனும் ஊரும்.

அப்புறம் மழை வந்தது. இரண்டு மாதமாக எல்லைக் கல்லோரம் காத்து நின்றிருந்த மழை, கோதை ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் தானும் ஓர் அடி எடுத்து வைத்துக் கள்ளிச்செடியைத் தாண்டியது, முற்றத்தில் ஏறியது, அரையரின் விதைநெல் குவியல்மேல் ஏறியது, அவசரமே இல்லாமல் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தது, வாசற்படியில் வந்து நின்றது. தடத்தில் போய்க்கொண்டிருந்த ஊர், வீட்டின் பக்கவாட்டில் தன் நெல் நனைவதைப் பார்த்தது, எள் மிதப்பதைப் பார்த்தது, விறகு கறுப்பதைப் பார்த்தது. கோதை இன்னும் வடக்கு எல்லையும் மேற்கு எல்லையும் சுற்ற வேண்டும். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அரையர் கண்டன் வாயைத் திறந்து, கையால் பொத்திக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க யானைக்குப் பின்னால் நடந்தார்.

சுருங்கிய கூரையின் இடுக்கு வழியாக ஒரு சொட்டு பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. மார்பை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தது. இந்தக் கூரைக்குக் கீழே அதன்மேல் விழுந்த முதல் மழைச்சொட்டு. இரண்டாவது சொட்டு மூக்கில் விழுந்ததும், மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் எடுத்துக் கத்தியது.

வடக்கு மூலையில் கோதையின் காது ஒருமுறை ஆடியது. நிற்கவில்லை.

"அய்யோ, என் பானை," என்றாள் தில்லை.

இருவரும் முற்றத்துக்கு ஓடினார்கள். கொற்றி வாயைத் திறந்துகொண்டே ஓடினாள், விழுந்த மழையெல்லாம் நாக்கில் விழுந்தது. சூளை காணாத அறுபது பானைகளும் மழையில் தலை குனிந்துகொண்டிருந்தன. விளிம்பு தொங்கியது, வயிறு சரிந்தது. தில்லை ஒன்றை அள்ளினாள், அது அவள் கைக்குள் மெதுவாக உட்கார்ந்து களிமண்ணாகி முழங்கை வழியாக வழிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொற்றி இரண்டு பானைகளைத் தாழ்வாரத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து மூன்றாவதைத் தூக்கினாள்.

"இந்த மழைமாசம் என் வீட்டுல சூளை புகையாது," என்றாள் தில்லை.

"புகையாது."

"உன்னாலதான்."

"என்னாலதான். அந்தப் பக்கத்தைப் பிடி, இது இன்னும் நிக்குது."

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். உள்ளே, பாயில் கிடந்த பிள்ளை கூரை அதிர அழுதுகொண்டிருந்தது. தில்லை பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பி ஓடப் பார்த்தாள்.

"அழட்டும், அக்கா," என்றாள் கொற்றி, முகத்தில் வழிந்த தண்ணீரை நக்கிக்கொண்டு. "நல்லா அழட்டும். இன்னிக்கு அவ ஊருக்குள்ளதான் அழறா."